ஐம்பத்து மூன்று மணி

எங்கள் ஆயா இறந்தபோது அவளோடு கூட எங்கள் வீட்டில் ஒரு நூறு வார்த்தைகளாவது இறந்துபோயின. சர்வேசுரன், சம்மனசு, ஒருசந்தி, சுத்தபோசனம், இஸ்பிரீத்து சாந்து, உத்தரிக்கிற ஸ்தலம் என்று அவள் வாயில் சரளமாக வந்த சொற்களை இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால், ஏதோ வேற்று நாட்டு ஊர்ப் பெயர்களைக் கேட்பதுபோல் விழிக்கிறார்கள். அவர்கள் கடவுள் என்கிறார்கள், வானதூதர் என்கிறார்கள், தூய ஆவி என்கிறார்கள். நல்ல தமிழ்தான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் ஆயாவின் சர்வேசுரனும் இவர்களுடைய கடவுளும் ஒருவர்தானா என்று எனக்குச் சில சமயம் சந்தேகம் வந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். பட்டணத்து வாசகர்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஆயா யாருடைய குழந்தையையும் சம்பளத்துக்குப் பார்த்தவள் அல்ல. நாற்பது வருஷம் ஒரு குடும்பத்தை, நிலத்தை, கிணற்றை, கடனை, நான்கு பிள்ளைகளை, அப்புறம் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளை ஆண்டவள். 1924-இல் பிறந்து, பதினாறு வயதில் கல்யாணமாகி, முப்பத்தொன்றில் தாலி அறுத்தவள். எண்பத்தேழு வயது வரை இருந்தாள்.

ஊர் தியாகதுருகத்துக்கு மேற்கே இரண்டு மைல். பெயர் வேண்டாம்; சின்ன ஊர், சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தால் துருகத்துப் பாறை தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மாறி மாறிப் பிடித்துக்கொண்ட கோட்டை அது. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்த பிறகு இதுவும் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பிறகு ஹைதர் அலியின் சேனைகளும் இந்தச் சீமையை ஒரு கை பார்த்தன. ஆயாவுக்கு இந்தச் சரித்திரம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் அடக்கம்: "வெள்ளக்காரன் ரெண்டு பேரும் அடிச்சுகிட்டு ஓடிப்போனானுங்க, சாமியாரு மட்டும் நம்மகூடவே இருந்தாரு."

அவள் சொன்னது ஒருவிதத்தில் சரிதான். சேசு சபை கலைக்கப்பட்ட பிறகு, 1776 முதல் இந்தப் பகுதியின் கத்தோலிக்க மிஷன் பாரிஸ் அந்நிய வேத போதக சபையின் பிரெஞ்சுக் குருக்களிடம் இருந்தது. தாடியும் வெள்ளை அங்கியுமாகக் குதிரையில் வந்து, தமிழில் தப்பும் தவறுமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்ட அந்தச் சுவாமியார்களைப் பற்றி ஆயாவிடம் கதைகள் ஏராளம். மாவட்டம் அவளைச் சுற்றி மாறிக்கொண்டே இருந்தது. தென்னாற்காடு 1993-இல் விழுப்புரம் ஆயிற்று. அதைப் பிரித்து 2019-இல் கள்ளக்குறிச்சி ஆக்கினார்கள். கடைசி மாறுதலை அவள் பார்க்கவில்லை. முந்திய மாறுதலைப் பார்த்தும் ஏற்றுக்கொள்ளவில்லை. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் சாகும் வரையில் "தெனாற்காடு" என்றுதான் சொன்னாள்.

அவளுடைய நாள், திரிகால மணியோடு ஆரம்பமாகும். விடிகாலையில் கோவில் மணி அடித்ததும் கை தானாக நெற்றிக்குப் போகும். வாய் ஜெபம் சொல்லும். கால் மாட்டுக்கொட்டகைக்கு நடக்கும். மூன்றும் ஒரே சமயத்தில் நடப்பதில் அவளுக்கு முரண்பாடு ஒன்றும் தெரிந்ததில்லை. வருஷமும் அப்படித்தான். பஞ்சாங்கம் ஒன்று, கோவில் திருநாள் கணக்கு ஒன்று என்று இரண்டையும் பின்னி ஒரே கயிறாகத் திரித்து வைத்திருந்தாள். சூசையப்பர் திருநாளுக்குள் கரும்பு வெட்டு முடிந்துவிட வேண்டும். அந்தோணியார் திருநாளுக்குப் புழுதி உழவு. சந்தியாகப்பர் ஆடியில் வருவார். அவரோடு காற்றும் வரும். கல்லறைத் திருநாள் ஐப்பசியில் வரும். அன்றைக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியை மழை அணைக்காமல் விட்டால், "இந்த வருசம் கெணறு ஏமாத்திடும்" என்பாள். பெரும்பாலும் ஏமாற்றத்தான் செய்தது.

தாத்தா இறந்தபோது வீட்டில் இருந்தது நாலு ஏக்கர் மேட்டு நிலமும், அதன்மேல் ஏறிய கடனும். பங்காளிகள் நிலத்தைத் தங்களிடம் விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்குப் போய்விடும்படி யோசனை சொன்னார்கள். ஆயா பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கவலை ஓட்டுகிறவனுக்கு முன்னால் வயலில் போய் நின்றாள். பத்து வருஷத்தில் கடன் அடைந்தது. ஆயில் என்ஜின் வாங்கியபோது சாமியாரை அழைத்து வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்து, அதன் பிடியில் மிக்கேல் சம்மனசின் சுரூபம் பதித்த ஒரு பதக்கத்தைக் கட்டினாள். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் வண்டிக்குப் பின்னால் சிலுவை அடையாளம் போட்டு அனுப்புவாள். எடை போடும் இடத்தில் யாரும் ஏமாற்றாமல் இருக்க வேண்டும் என்பது பிரார்த்தனை. ஆனால் எடைச் சீட்டைத் திரும்பத் திரும்ப எழுத்துக் கூட்டிப் படித்துச் சரிபார்க்கவும் தவறமாட்டாள். சர்வேசுரனை நம்பினாள், தராசை நம்பவில்லை.

மாலையில் விளக்கு வைத்ததும் ஐம்பத்து மூன்று மணி. இது தெரியாத வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செபமாலையில் மரியன்னையை வாழ்த்தும் ஜெபத்துக்கு ஐம்பத்து மூன்று மணிகள் உண்டு; அதனால் எங்கள் பக்கத்தில் செபமாலைக்கே அந்தப் பெயர். வீட்டில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் முழங்காலில் நிற்க வேண்டும். வந்த விருந்தாளியும் நிற்க வேண்டும். ஒரு தரம் உரக் கடன் வசூல் செய்ய வந்த ஒரு வைஷ்ணவர் அகப்பட்டுக்கொண்டு, பாதியில் எழுந்து போவது மரியாதையல்ல என்று கைகட்டி முழுதும் நின்றுவிட்டு, "அம்மா, தவணையை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அது மாதாவின் புதுமை என்று ஆயா வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உலகம் மாறியது அவளுக்குக் கோவில் வழியாகத்தான் தெரிந்தது. ரோமாபுரியில் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. பீடத்தைப் பார்த்து நின்ற சாமியார் ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார். எல்லோரும் இதற்காகச் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று நாம் நினைக்கிறோம். ஆயா சந்தோஷப்படவில்லை. லத்தீன் அவளுக்கு ஓர் அட்சரம் புரியாது. ஆனால் இருபத்தைந்து வருஷம் கேட்டுக் கேட்டு முழுப் பூசையும் மனப்பாடம். "புரியாதப்ப மனசு சாமிகிட்ட இருந்துச்சு, இப்ப புரியுது, சாமியாரு என்னா சொல்றாருன்னு கவனிக்க வேண்டியதாப் போச்சு" என்றாள். 2002-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், செபமாலையில் ஒளியின் மறையுண்மைகள் என்று ஐந்தைப் புதிதாகச் சேர்த்த செய்தியை நான்தான் போய்ச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தாள். "இருக்கற பதினஞ்சையே கொட்டாவி வுடாம சொல்ல முடியல. அவருக்கு வயசாயிடுச்சு, பாவம்" என்றாள். போப்பாண்டவர் அவளுக்கு நாலு வயது கூட மூப்பு.

தை மாதத்தில் கோணாங்குப்பம் யாத்திரை உண்டு. இத்தாலியிலிருந்து வந்து வீரமாமுனிவர் ஆன பெஸ்கி சுவாமியார் எடுப்பித்த பெரியநாயகி மாதா கோவில் அங்கே இருக்கிறது. 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை 1726-இல் முடித்தவர் அவர் என்பதெல்லாம் ஆயாவுக்குத் தெரியாது. அங்கே மாதா புடவை கட்டிக்கொண்டு நிற்கிறாள் என்பது தெரியும். அது போதுமானதாக இருந்தது. பஸ் வந்த பிறகும் நடந்துதான் போவாள். "பஸ்ல போனா கால் வலி எதைக் காணிக்கையா வெக்கிறது?" என்பாள்.

இதுவரை எழுதியதை என் உறவினர்கள் படித்தால் மகிழ்ந்துபோவார்கள். இத்தோடு நிறுத்திவிட்டால் நானும் ஒரு நல்ல பேரன். ஆனால் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் கூரைச் சட்டத்துக்கும் ஓலைக்கும் நடுவே செருகி வைத்திருந்த அலுமினிய டம்ளரைப் பற்றிச் சொல்லாமல் ஆயாவைப் பற்றி எழுதுவது, கிணற்றைப் பற்றி எழுதிவிட்டுத் தண்ணீரை விட்டுவிடுவது போல.

அந்த டம்ளர் எங்கள் நிலத்தில் வேலை செய்த காலனி ஜனங்களுக்கு. அவர்களும் கத்தோலிக்கர்கள். அதே கோவில், அதே நற்கருணை, அதே ஐம்பத்து மூன்று மணி. ஆனால் கோவிலில் அவர்கள் நிற்கும் பக்கம் வேறு, கல்லறை வேறு, காப்பி குடிக்கும் டம்ளர் வேறு. இது எங்கள் ஊரில் மட்டும் முளைத்த களை அல்ல. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், 1745-இல் புதுச்சேரிச் சம்பாக் கோவிலுக்குள்ளேயே சாதியாரைப் பிரித்து நின்ற சுவரும், அதை ஒரு குருவானவர் இடிக்கச் சொன்னதால் எழுந்த கலவரமும் வந்துவிடும். தாது வருஷப் பஞ்சம் என்று ஜனங்கள் சொல்லும் 1876-78 பஞ்சத்தில் ஏழை ஜனங்கள் திரளாக மிஷனில் சேர்ந்தார்கள். அவர்களைக் "கஞ்சிக்குச் சேர்ந்தவர்கள்" என்று எங்கள் சாதியார் ஏளனம் செய்வதுண்டு. அப்படி ஒரு பெரியப்பா திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது ஆயா உள்ளேயிருந்து, "நாமளும் என்னத்துக்கோ சேந்தவங்கதான்" என்றாள். பெரியப்பா வாயை மூடிக்கொண்டார். ஆனால் டம்ளர் கூரையிலேயே இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே மனுஷியிடம் இருந்தன.

வேலைக்கு வருகிறவர்களில் ஆயாவின் வயதை ஒத்த ஒரு கிழவி இருந்தாள். நாற்றங்காலிலும் களத்திலும் ஆயாவோடு ஐம்பது வருஷம் குனிந்து நிமிர்ந்தவள். ஒப்பாரி வைப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பெரிய வெள்ளியன்று மாதாவின் வியாகுலத்தைச் சொல்லி அவள் தங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தால், இந்தப் பக்கத்துப் பெண்களும் முந்தானையை எடுப்பார்கள்.

அவளுக்கு ஒரு மகன். அவனுக்குக் கோவில் புத்தகத்தில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் ஒரு பெயர். 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி உத்தரவின்படி அட்டவணை சாதிச் சலுகை இந்துக்களுக்கு மட்டும் என்று ஆனது. பிறகு 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் அதில் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் வாங்கியவன் சர்க்கார் கணக்கில் பிற்பட்ட வகுப்பு. கோவிலிலோ, டம்ளரிலோ அவனுக்கு அந்த உயர்வு கிடைத்ததில்லை. ஆகவே இரண்டு பெயர். இது தெரிந்தபோது ஆயா, "சாமிகிட்டயே பொய்யா?" என்று கிழவியைக் கண்டித்தாளாம். கிழவி நாற்று முடியைக் கீழே வைக்காமலே சொன்ன பதிலை ஆயாவே என்னிடம் சொன்னாள்: "ஆயா, சாமிக்கு ரெண்டு பேரும் தெரியும். சர்க்காருக்குத்தான் ஒண்ணு போதல." இதைச் சொல்லிவிட்டு ஆயா சிரிக்கவில்லை. அந்தப் பேச்சை மறக்கவும் இல்லை.

2008-ஆம் வருஷம் மார்ச் 9-ஆம் தேதி, தவசு காலத்து ஞாயிற்றுக்கிழமை. பழைய வழக்கப்படி கோவில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுகிற ஞாயிறு அது. எங்கள் ஊருக்கு எட்டின தூரத்திலிருக்கும் எறையூரில், ஜெபமாலை மாதா கோவிலைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதிலிருந்து வளர்ந்த பகை அன்றைக்குக் கலவரமாக வெடித்தது. போலீசார் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர்கள் இருவர் இறந்தார்கள். ஒரே மாதாவின் பெயரைச் சொல்லுகிற இரண்டு கூட்டம், நடுவில் துப்பாக்கி.

செய்தி எங்கள் ஊருக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். அந்த ஊரில் எங்களுக்குச் சம்பந்தம் கொண்டவர்கள் உண்டு. ஆண்கள் திண்ணையில் கூடிக் கொதித்தார்கள். "நம்ம பக்கம் ரெண்டு பேரு போயிட்டான்" என்றார் ஒருவர். ஆயாவுக்கு அப்போது எண்பத்து நாலு வயது, காது மந்தம். இதுமட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. எல்லாரையும் உள்ளே கூப்பிட்டு முழங்காலில் நிறுத்தினாள். தவசு காலமாகையால் துக்க தேவரகசியம். ஐந்தாவது பத்து முடிந்ததும், செத்தவர்களின் ஆத்துமத்துக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னாள். அடிபட்டவர்களுக்காக ஒன்று. பிறகு, "வீடு எரிஞ்சவங்களுக்காக" என்று மூன்றாவதை ஆரம்பித்தாள். அந்த மூன்றாவது யாருக்கு என்பது எல்லோருக்கும் புரிந்தது. இரண்டு பேர் எழுந்து வெளியே போய்விட்டார்கள். செபமாலையின் நடுவில் ஓர் ஆண்பிள்ளை எழுந்து போனதை எங்கள் வீடு அதுவரை கண்டதில்லை. ஆயா நிறுத்தவில்லை. இருந்தவர்களை வைத்துக்கொண்டு முடித்தாள்.

அவள் மனம் அன்றோடு அடியோடு மாறிவிட்டது என்று எழுதினால் கட்டுரை நன்றாக இருக்கும். நடந்தது அவ்வளவு இல்லை. அந்தப் பெரிய வியாழனன்று, குருவானவர் பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவுகிற சடங்கைப் பார்த்துவிட்டு வந்து, தாழ்வாரத்துக் கூரையிலிருந்த டம்ளரைத் தானே எடுத்துத் துலக்கி, சமையலறை அலமாரியில் வைத்தாள். கூரையிலிருந்து அலமாரிக்கு வந்தது. தனி டம்ளர் என்பது போகவில்லை. என் சித்தி அதற்கே ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். எண்பத்து நாலு வருஷத்தில் ஆயா நடந்த தூரம் அந்தக் கூரையிலிருந்து அந்த அலமாரி வரைதானா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோணாங்குப்பத்துக்கு நடந்ததைவிட அது கஷ்டமான நடை என்பதையும் பார்த்தவன் சொல்ல வேண்டுமல்லவா?

2011-இல் படுக்கையில் விழுந்தாள். அவஸ்தைப் பூசுதல் ஆயிற்று. அவள் அதை அப்படித்தான் சொன்னாள். நோயில் பூசுதல் என்று இளம் குருவானவர் திருத்தினார். பூசுதல் முடிந்து சாமியார் போன பிறகு அப்பாவைப் பக்கத்தில் அழைத்தாள். கம்மலை யாருக்கு, கறவை மாட்டை யாருக்கு என்பதை எல்லாம் முன்பே தீர்த்திருந்தாள். பாக்கி ஒன்று இருந்தது. அந்தக் கிழவியைச் சொல்லி, "எனக்கு அவதான் ஒப்பாரி வெக்கணும். வாசல்ல இல்ல. உள்ள, என் தல மாட்ல" என்றாள். அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான் கேக்கல, சொல்றேன்" என்றாள் ஆயா. நாற்பது வருஷம் வீட்டை ஆண்ட குரல் அது. கடைசியாக அன்றைக்குத்தான் கேட்டோம்.

மூன்றாம் நாள் இறந்தாள். அப்பா ஆள் அனுப்பினார். கிழவி வந்து வாசலில் வழக்கமான இடத்தில் நின்றாள். அப்பா போய் உள்ளே வரச்சொன்னார். அவள் உடனே வந்துவிடவில்லை. காலைத் தூக்குவதும் வைப்பதுமாகக் கொஞ்ச நேரம் நின்றாள். ஐம்பது வருஷம் தாண்டாத நிலைப்படி. பிறகு உள்ளே வந்து ஆயாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஆயாவின் செபமாலை சுற்றிய கையை ஒருமுறை தொட்டுவிட்டுத் தலைவிரி கோலமாக ஆரம்பித்தாள். உள்ளே இருந்த உறவுப் பெண்களில் பாதிப் பேர் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் இருந்தார்கள். அந்த மீதியில் என் சித்தி இருந்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

தூம்பாவில் ஏற்றி எங்கள் சாதிக் கல்லறையில்தான் அடக்கம் செய்தோம். நடுச்சுவர் இன்னும் நிற்கிறது. கிழவி அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள். அவள் சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில் இருபது கஜம் இருக்கலாம். 2016-இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர்கள் தலித் மக்களைக் குறித்து ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டார்கள். சபைக்குள்ளே சாதி பார்ப்பது பாவம் என்பதில் அறிக்கைக்குச் சந்தேகமில்லை. சுவருக்கு இன்னும் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

வீட்டில் இப்போது தனி டம்ளர் கிடையாது. ஓலைக் கூரையும் இல்லை, மெத்தை வீடாகிவிட்டது. கரும்பு வெட்ட ஆள் வந்தால் கடையிலிருந்து காகிதக் கோப்பை வருகிறது. அவர்களுக்கும் அதில்தான் காப்பி, எங்களுக்கும் அதில்தான். எல்லாம் சமமாகிவிட்டது என்று சித்தி சொல்கிறாள். இருக்கலாம். ஆனால் குடித்ததும் எறிந்துவிடுகிற கோப்பையில் யாரும் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஆயாவின் அலுமினிய டம்ளரை நான் தேடிப் பார்த்தேன். பழைய பாத்திரத்தோடு போட்டுப் புதுப் பாத்திரம் வாங்கிவிட்டார்களாம். செபமாலை மட்டும் இருக்கிறது. அதில் நாலு மணி உதிர்ந்துபோயிற்று. சித்தி அதை வைத்துத்தான் தினமும் ஜெபம் சொல்கிறாள். உதிர்ந்த நாலு மணிக்கும் வெறும் நூலை நிரடி, ஐம்பத்து மூன்றையும் எண்ணி முடிக்கிறாள்.